துத்தநாகம் என்றது பாராட்டுதான், மச்சான்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், கடையில் குழாய் வியாபாரம் குறையாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த என் மனைவி இன்னும் திரும்பவில்லை. இந்தக் கடிதம் அவளைப் பற்றியது. அவளை உடனே அனுப்பிவையுங்கள். நானே வந்து அழைத்துப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வர மாட்டேன். உங்கள் கடைத் திறப்பு விழாவில் எடுத்த குடும்பப் படத்தில் என்னைக் கதவோரம் நிற்கவைத்து, சட்டம் போடும்போது இடம் போதவில்லை என்று பாதியாக வெட்டி, என் இடது காதையும் ஒரு தோளையும் மட்டும் உங்கள் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறீர்கள். பாங்க் மேனேஜர் சகலை மட்டும் முழுசாக இருக்கிறார். அன்றைக்கே முடிவெடுத்தேன், உங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று. அதில் மாற்றம் இல்லை.

இனி நடந்தது என்ன என்று சொல்கிறேன். எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்தில் நான் பேசியபோது நீங்கள் பாதியில் கை கழுவப் போய்விட்டீர்கள். அவள் என்ன சொன்னாளோ, அதை மட்டும் கேட்டிருப்பீர்கள். நான் சொன்னது இதுதான். இரும்புக் குழாயின்மேல் துத்தநாகம் பூசுகிறார்களே, எதற்கு? பூச்சில் கீறல் விழுந்தாலும் தண்ணீரும் காற்றும் முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும். அது தீரும்வரை இரும்பைத் துரு அண்டாது. இந்தக் குடும்பத்தில் நான் இரும்பு, இவள் துத்தநாகம். இதைவிடப் பெரிய பாராட்டை எந்தக் கணவன் எந்த மனைவிக்குச் சொல்லியிருக்கிறான்? எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவளோடு எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் அந்தக் கண்ணாடிக்காரம்மா, “அப்போ உங்களுக்குப் பதிலா இவங்க அரிச்சுப் போறாங்களா சார்?” என்று கேட்டாள். விஞ்ஞானம் படித்தவன் பொய் சொல்லக் கூடாது; “ஆமா, கொஞ்சம் கொஞ்சமா” என்றேன். அதற்குள் நீங்கள் ஈரக் கையோடு வந்து, “துத்தநாகம் தீர்ந்துபோச்சுன்னா என்ன மாப்பிள்ளை பண்ணுவீங்க?” என்றீர்கள். குழாய்க் கடைக்காரர் குழாயைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நம்பி, “மறுபடி பூசிக்கலாம்” என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “வேற நல்ல பூச்சா பார்த்து வாங்கிக்குங்க.” நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மச்சான். மறக்க மாட்டேன்.

சரி, அவள் திரும்பி வரும்போது வீடு பளபளவென்று இருந்தால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன். அறிவுரை கேட்க வேண்டிய நிலையில் நான் இல்லை. ரசாயனத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவன், குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் தலை நரைத்தவன். என் தலைக்குமேல் போன வருஷம் அதிகாரியாக வந்து உட்கார்ந்தாரே, நாங்கள் பல்லிளிப்பான் என்று அழைக்கும் அந்த மனிதர், லிட்மஸ் தாளைப் பார்த்து, “இதுல எந்தப் பக்கம் சார் எழுதணும்?” என்று கேட்டவர், அவரே தன் வீட்டைத் தானே சுத்தம் செய்துகொள்கிறாராம். எனக்கு என்ன குறைச்சல்?

முதலில் விருந்தன்று குழம்பு கொட்டிய மேஜை விரிப்பை எடுத்தேன். மஞ்சள் கறை. சோப்பு போட்டதும் கறை போகாமல் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. எனக்குப் பயமில்லை, மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்பும் என்று பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். வினிகர் ஊற்றினேன், மஞ்சளாயிற்று. சோப்பு, சிவப்பு. வினிகர், மஞ்சள். இந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விட்டது. கடைசியில் சோப்பில் நிறுத்தினேனா வினிகரில் நிறுத்தினேனா என்று மறந்து மாடியில் காயப்போட்டேன். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அம்மா ஊர்ல இல்லையா சார்?” என்று கேட்டுவிட்டு சிவந்து கிடந்த விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முதல் படியில் என்னைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்குகிறார்.

அப்புறம் குளியலறைக் குழாய். அதில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததைக் கழுவ அமிலம் வாங்கினேன். குழாய் பளிச்சென்று ஆனது உண்மை. ஆனால் வழிந்தது தரையில் விழுந்தது, தரை சலவைக்கல். சலவைக்கல்லும் சுண்ணாம்பும் ஒரே வம்சம், அமிலத்தைக் கண்டால் பொங்கும். பொங்கியது. அதை அடக்க ஒரு பொட்டலம் சோடா மாவைக் கொட்டினேன், அது இன்னும் பெரிசாகப் பொங்கி நுரை கூடம் வரைக்கும் வந்துடுச்சு. நுரை அடங்கினதும் பார்த்தா, அவள் தினமும் துணி போட்டுத் துடைக்கிற அந்தத் தரை, மூஞ்சி தெரியும்னு பெருமைப்படுவாளே, அதுல அம்மைத் தழும்பு மாதிரி திட்டுத் திட்டா இருக்கு. மேலே ஒரு மிதியடி போட்டு மூடிவைத்திருக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

அதோடு விட்டேனா? பால் காய்ச்சும் அலுமினியப் பாத்திரத்தில் அடி பிடித்துவிட்டது (ஒருத்தன் பாலையும் பார்த்துக்கொண்டு நுரையையும் எப்படிப் பார்ப்பது?). கரியைக் கரைக்க, சாக்கடை அடைப்பு எடுக்கும் காரத்தூளைப் போட்டு ஊறவைத்தேன். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் உருப்படாத உலோகம். எனக்கு இது தெரியும். எல்லாச் சமன்பாடும் எனக்குத் தெரியும், ஆனால் பாத்திரம் ஓட்டையான பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அது அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய பாத்திரம். இதையும் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே நீங்கள் உங்கள் கையால் போட்ட இணைப்பு நேற்று விட்டுவிட்டது. செம்புக் குழாயை நேரடியாக இரும்புக் குழாயில் முறுக்கினீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் செம்பு சொகுசாக இருக்கும், இரும்பு அரிக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். “மாப்பிள்ளை, குழாய்க்கு புஸ்தகம் படிக்கத் தெரியாது” என்றீர்கள். படித்திருக்கிறது, மச்சான். வரிக்கு வரி படித்திருக்கிறது. தண்ணீரை மொத்தமாக மூடிவிட்டு, மேல் வீட்டிலிருந்து வாளியில் சுமக்கிறேன். அவர் வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுகிறார்.

ஆகவே என் நிபந்தனைகள்: நீங்கள் வந்து இணைப்பைச் சரிசெய்ய வேண்டும், சிரித்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும், வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். முதலிரண்டும் முடியாவிட்டால் கடைசியை மட்டுமாவது செய்யுங்கள்.

ஒரு சின்ன விஷயம். என் மூக்குக் கண்ணாடி மங்கலாகிவிட்டது. லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்து, சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்து, “அழுக்குதான் சார்” என்றார். இத்தனை வருஷத்தில் என் கண்ணாடி அழுக்கானதே இல்லையே என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன். தினமும் காலையில் பேப்பரோடு அதையும் கையில் கொடுப்பாள். துடைத்துக் கொடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. அரிச்சுப் போறது வெளியில் தெரியாது, மச்சான், துத்தநாகத்தோட குணமே அதுதான். இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன், வாயில் வேறு என்னவோ வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவிடம் வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று, உங்களையும் சேர்த்தே, விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளே போன் செய்தாள்.

“சாப்டீங்களா?”

“சாப்டேன்.”

“என்ன சாப்டீங்க?”

அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன், ஓட்டைப் பாத்திரம்தான் இருந்தது. பிறகு, “அண்ணனை அனுப்பட்டா, நீங்களே வர்றீங்களா?” என்றாள். மேலே எழுதியிருப்பதை எல்லாம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் “வர்றேன்” என்று வாய் சொல்லிவிட்டது. பையில் இரண்டு சட்டை வைத்தாயிற்று, அடுத்த பஸ். இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டு வருகிறேன், தபால்காரரை நம்புவதற்கில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நலம் விசாரித்த பத்தியை மட்டும் படித்தால் போதும். கதவைத் தட்டினால் நீங்களே வந்து திறங்கள், மச்சான். அவள் வந்து திறந்தால் எனக்குப் பேச்சு வராது.