சிவப்புத் தேருக்கு டிஸ்க் பூட்டிய படலம்

வாழ்க நயினார்! சாலைக் கடைத்தெருவின் இரும்பு மண்டலாதிபதி, அரையங்குல போல்ட்டையும் அதற்கென்று பிறந்த நட்டையும் கண்ணை மூடிக்கொண்டே விரல்நுனியால் சேர்த்துவைக்கும் கல்யாணத் தரகர், வாஷர் ஒன்று தரையில் விழுந்தால் அந்த ஓசையைக் கொண்டே அது பித்தளையா இரும்பா என்று உரைக்கும் செவிச்செல்வர், ஐம்பத்து மூன்று வயதிலும் மீசைக்கு மை தீட்ட மறவாத மாவீரர் நயினார் வாழ்க! திருவனந்தபுரத்து மகாஜனங்களே, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், பழவங்காடி விநாயகன் சன்னிதியில், தேங்காய் உடைக்க வந்த அத்தனை பேரும் உடைக்க மறந்து நின்று பார்க்க, அவர் ஆடிய பெரும்போரை இங்கே பாடப் போகிறேன். சில்லறைப் போர் என்று நினைத்துவிட வேண்டாம். பிரேக் சம்பந்தப்பட்டது.

முதலில் தேரைப் பாடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். சீமையில் அறுபத்தொன்றில் அவதரித்து, பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரைச் சுமந்து மலையேறி மலையிறங்கி, துரை கப்பலேறிய பின் யார் யார் கொட்டிலிலோ கோழிகள் அடைகாக்க மடி கொடுத்து, கடைசியில் நயினாரின் திருக்கரம் பட்டுச் சாபவிமோசனம் பெற்ற செந்நிறத் தேர் அது. தாழ்ந்த இடை, நீண்ட மூக்கு, மடக்கிவைக்கும் கூரை. ஒருமுறை உறுமினால் கோட்டை மதிலில் ஒரு புறா மிஞ்சாது. இருக்கை இரண்டே இரண்டு. வலது இருக்கை தமக்கு, இடது இருக்கை தர்மபத்தினி பகவதியம்மாளுக்கு என்று எண்ணித்தான் அந்த மனிதர் அதை வாங்கினார். அந்த இடது இருக்கையில் எட்டு வருஷமாக ஆணிப் பொட்டலங்கள் உட்கார்ந்து சவாரி செய்துகொண்டிருந்தன.

காரணம் அதன் டிரம் பிரேக். உருளைக்குள் இரண்டு பிறைக்கட்டைகள் பதுங்கியிருந்து, மிதித்தால் உள்ளிருந்தபடியே விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும் பழங்காலத்து ஏற்பாடு. வெயில் நாளில் ஒழுங்காக வேலை பார்க்கும். தண்ணீர் புகுந்தால் அன்றைக்கு லீவு. தொண்ணூறாம் ஆண்டு இடவப்பாதி மழையில், தம்பானூர் கடலாகிக் கிடந்த ஒரு முகூர்த்த நாளில், பட்டுடுத்திய பகவதியம்மாளை இடப்பக்கம் இருத்தித் தங்கை சுசீலாபாய் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேரோட்டிப் போன நயினார், திருமலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். அவர் மிதித்தது மிதித்தபடியே இருக்க, தேரோ குலைவாழைத் தோரணத்தைக் கடந்து, நாதஸ்வரக்காரரைக் கடந்து, மணமேடையை மரியாதையாக வலம் வந்து, பந்தலின் பின்வாசல் வழியே அடுக்களைக்குள் புகுந்து, முந்நூறு பேருக்கு இறக்கிவைத்த சாம்பார் அண்டாவின் மார்பில் முட்டித்தான் சாந்தியடைந்தது. யாருக்கும் காயமில்லை. முந்நூறு பேரும் அன்றைக்கு ரசம் விட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

பட்டில் முருங்கைக்காய் தொங்க இறங்கி நின்ற பகவதியம்மாள், சுற்றமெல்லாம் சூழ நின்று கேட்க, அவ்விடத்திலேயே ஒரு சபதம் உரைத்தாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இன்னா கேட்டுக்கிடுங்கோ. சொன்ன எடத்துல நிக்குத வண்டின்னா ஏறுகேன். அதுவரை எனக்கு ஆட்டோ போதும்."

சொன்னால் சொன்னதுதான், அந்த அம்மாளின் வாக்கு சுவரில் அடித்த ஆணி. எட்டு ஆண்டுகள் நயினார் கடை திறந்தார், கடை சாத்தினார், மூன்று வேளை உண்டார். ஆனால் கூரையை மடக்கிவிட்டு, ஒரு மாலை நேரம், அவளை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கோவளம் வரை போய்வர வேண்டும் என்ற ஆசை அவர் நெஞ்சைத் துருவாக அரித்தது. வெளியே சொல்ல வெட்கம். பெண்டாட்டியோடு காற்று வாங்க ஆசையாக இருக்கிறது என்று இரும்புக் கடையில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் சொல்வது?

கடைசியில் கிள்ளிப்பாலத்துப் பட்டறைக்காரன் சுவாமிதாஸிடம் சொன்னார். பாறசாலை தந்த மெக்கானிக் அவன். ஞாயிற்றுக்கிழமை சபையின் பாட்டுக்குழுவில் நின்று பாடுவான், மற்ற ஆறு நாளும் வண்டிக்கடியில் படுத்துப் பாடுவான். தேரின் அடிவயிற்றை அரைமணி நேரம் பார்த்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"முன்சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் ஆக்கிருவோம் அண்ணாச்சி. பின்னே வெள்ளப்பொக்கமே வந்தாலும் பிடிக்கும், கேட்டியளா."

மூன்று மாதம் நடந்தது அந்தத் தவம். மரத்தில் மோதி மாண்ட மாருதி ஒன்றின் முன்னங்கால்களிலிருந்து பளபளக்கும் இரும்புத் தட்டுகளும், அவற்றை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களும் கவரப்பட்டன. பூட்டினால் காலிப்பர் சக்கரத்தின் உள்விளிம்பில் முட்டியது. லேத்தில் வளையம் கடைந்து இடையில் வைத்தார்கள். வளையம் வைத்தால் போல்ட்டுக்கு நீளம் போதவில்லை. போல்ட்டா? யாரிடம் வந்து பஞ்சம் பாடுகிறது இந்த உலகம்? கடையின் பதினேழு பெட்டிகளைக் கவிழ்த்து, மரையும் தடிமனும் நீளமும் மூன்றும் பொருந்திய எட்டுப் போல்ட்டுகளைத் தேர்ந்து, வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார் நயினார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனித்தான் விதி நுழைகிறது. கடைசி நாள் பகலில், பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக் கழுவிய சுவாமிதாஸ், அதன் வாயிலிருந்து சுண்டைக்காய் அளவுள்ள பித்தளை வால்வு ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டான். "இது இனி வேண்டாம் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போனான். நயினார் அந்த வால்வைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

முப்பது வருஷம் இரும்பு விற்றவரின் குலதர்மம் ஒன்று உண்டு: பூட்டி முடித்த வேலையில் ஒரு சாமான் மிஞ்சினால் அது வேலையே இல்லை. மிஞ்சிய நட்டைக் கையில் ஏந்தி "இது எதுல உள்ளது அண்ணாச்சி?" என்று கடைக்கு வந்து கேட்ட எத்தனை பேரை அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார்! சீமைக்காரன் புத்தியில்லாமலா இதை வைத்தான்? நல்ல பித்தளை வேறு. இடம் பார்த்தார், வலம் பார்த்தார்; வால்வை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து, பழைய இடத்திலேயே செருகி, மூடியையும் முறுக்கிவிட்டார். திரும்பி வந்த சுவாமிதாஸ் ஏப்பம் விட்டபடி சிலிண்டரைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, குழாய்க்குள் அடைபட்ட காற்றெடுத்து முடித்தான். தட்டு காலியாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொட்டலங்கள் இறக்கப்பட்டு, இடது இருக்கையில் புதுத்துவாலை விரிக்கப்பட்டு, நெற்றியில் சந்தனமும் மூக்கில் செவ்வந்தி மாலையும் தரித்துப் புறப்பட்டது தேர். வழியெல்லாம் அதன் நடையில் ஒரு தயக்கம். முடுக்கியிலிருந்து காலைத் தூக்கினாலே நின்றுவிடுகிறது. மிதிக்காமலே இப்படி நிற்கிறதென்றால் மிதித்தால் எப்படி நிற்கும் என்று எண்ணி, ஐயோ பாவம், அந்த மகானுபாவர் பூரித்துப் போனார். பழவங்காடி சேரும்போது முன்சக்கரங்களில் இலேசாகக் கருகல் வாடை. கோயிலில் சாம்பிராணி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பகவதியம்மாள் ஆட்டோவில் வந்து காத்திருந்தாள். தேங்காய் உடைத்தாள், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். "இத நசுக்கிட்டு அந்தத் தூணுப்பக்கம் போய் நிறுத்துங்கோ. நின்னா ஏறுகேன்."

எட்டு ஆண்டு! நயினார் கியரைப் போட்டார். தேர் கர்ஜித்தது; புறாக்கள் பறந்தன; எலுமிச்சம்பழம் அசையவில்லை. இரண்டாம் முறை, சினம் பொங்க, முடுக்கியை மிதித்தார். எஞ்சின் அலறி, விக்கி, அணைந்தது. மூன்றாம் முறை, பற்களை நறநறவெனக் கடித்து, விநாயகனை விளித்து, குலதெய்வத்தை விளித்து, சீமைக்காரனை வேறுவிதமாக விளித்து அவர் தொடுத்த பெருந்தாக்குதலில் சக்கரப் பொந்துகளிலிருந்து புகைதான் எழுந்தது. பின்னால் பத்து ஆட்டோக்கள் போர்ச்சங்கம் ஊதின. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து குனிந்து, வண்டியையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தா அண்ணாச்சி, ஒரு நாரங்ஙா கண்டு பயந்து போச்சா?"

மலையை முட்டித் தோற்றவர் உண்டு, மதிலை முட்டித் தோற்றவர் உண்டு. எலுமிச்சம்பழத்திடம் தோற்றவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவரே.

பூத்திலிருந்து போன் போய், சுவாமிதாஸ் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். சக்கரத்தைத் தொட்டான், கையை உதறினான். மூடியைத் திறந்து, குழாயை இளக்கி, உள்ளே விரலைவிட்டுத் துழாவி, அந்தச் சுண்டைக்காயை வெளியே எடுத்தான்.

"இது எண்ணெய் அழுத்தத்தப் பிடிச்சு வைக்குத சாதனம். டிரம்முக்குத்தான் வேணும். டிஸ்கில போட்டா விடாமப் பிடிச்சுட்டே இருக்கும். நான் எடுத்து மாத்தி வச்சத ஆரு திருப்பிப் போட்டது?"

நயினார் வானத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பகவதியம்மாளை மட்டும் பார்க்கவில்லை.

"மிஞ்சிச்சேன்னு…" என்றார்.

அவள் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குப் பெரிய அடி. "வண்டி மேல எனக்கு இனிமே வருத்தம் ஒண்ணும் இல்ல. உங்க கைய நெனச்சாத்தான் பயமாட்டு இருக்கு," என்று சொல்லிக் கோயிலுக்குள் நுழைந்தாள். அவள் பிராகாரம் சுற்றிவிட்டு வருவதற்குள் சுவாமிதாஸ் காற்றெடுத்து முடித்திருந்தான். நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரே உருட்டில் கூழாகியிருந்தன. அதைக் கண்டும் காணாதவள்போல அவள் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறிக்கொண்டாள்.

ஏறினால் என்ன? விடுவாரா நயினார்? காலி இருக்கையும் கனத்த மார்புமாக ஆட்டோவின் பின்னாலேயே தேரை விட்டார். சாலைத் தெருவின் நடுவில், அரிசி மூட்டைகள் அடுக்கிய கைவண்டி ஒன்று சந்திலிருந்து குறுக்கே பாய, ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. நயினார் மிதித்தார். ஆஹா, என் சொல்வேன்! தட்டைக் கவ்விகள் கவ்வ, மூக்கு தாழ்ந்து மண்ணை முகர, செவ்வந்தி மாலை முன்னே ஊசலாடித் திரும்ப, எட்டு ஆண்டுப் பழியெல்லாம் தீர, ஆட்டோவுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டுத் தேர் நின்றது, நின்றது, நின்றேவிட்டது!

ஆட்டோவிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. அந்த ஒரு சாணைப் பகவதியம்மாள் நிதானமாகப் பார்த்தாள். பிறகு நயினாரைப் பார்த்தாள். பிறகு ஓட்டுநரிடம் சொன்னாள்: "இங்க எறக்கிவிடு மக்கா. நான் அந்த வண்டில வாறேன்."

தேவர்காள், பூ எடுங்கள்! துந்துபிகாள், முழங்குங்கள்! எட்டு மழைக்காலம் ஆணிகளுக்கே திறந்த இடது கதவை எட்டித் திறந்து, துவாலைச் சுருக்கத்தை நீவிவிட்டு, கண் கலங்க, மீசை துடிக்க, மண்டலாதிபதி நயினார் காத்திருக்க, பகவதியம்மாள் ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

பின்னால் வாழைக்குலை ஏற்றி வந்த டெம்போ நிற்கவில்லை. அது தேரின் முதுகில் முட்டிய ஓசை கேட்டு, வைத்த காலை அவள் ஆட்டோவுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.