கொக்கியில் தொங்கும் துண்டுகள் குறித்து மாப்பிள்ளைக்கு

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணனும், கடற்கரை ஓட்டலுக்குச் சலவை ஒப்பந்தக்காரனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, சலவைக்கூடத்து ஆட்கள் ஆறு பேர் எல்லோரும் உடம்பளவில் சுகம். அங்கு உங்கள் சுகத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியதில்லை; இன்று காலை நீங்கள் மாடியில் நின்று பல் துலக்கியதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள். எதிர்வீட்டில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் சிரித்த முகமாக "உக்காருங்க மச்சான்" என்கிறீர்கள். நானும் உட்கார்ந்து, நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். போன மாதம் உங்களை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், உங்கள் பரணில் இரண்டு பெட்டிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். காகிதம் சிரிக்காது என்பதால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்த ஓட்டலில் நீங்கள் அறைப் பராமரிப்புக்குத் தலைவராகச் சேர்ந்த வாரம், ஈ ஓட்டிக்கொண்டிருந்த என் சின்னச் சலவைக்கடைக்கு வந்து, வழவழப்பான ஒரு புத்தகத்தைப் பிரித்து, "சர்வதேசச் சுற்றுலாவே நிலைத்த பொருளாதார வளர்ச்சியின் உந்துசக்தி" என்று வாசித்துக் காட்டினீர்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அவங்க வருவாங்க, குளிப்பாங்க, தூங்குவாங்க. நீங்க துவைப்பீங்க. அவ்வளவுதான் மச்சான்" என்றீர்கள். பொருளாதாரத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதை நம்பித்தான் அந்தப் பெரிய டிரம் யந்திரத்தை வாங்கினேன். அதை உள்ளே கொண்டுவரச் சுவரை இடித்தோம். பழுதுபார்க்க வருகிற மெக்கானிக் அதற்குள்ளேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார், அவ்வளவு பெரிது. ஏழு வருஷம் அது நிற்கவில்லை. ஒரு நாள் அரை மணி நேரம் கரன்ட் போய் நின்றபோது, அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்து "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் நாலு மாதத்துக்கு முன்னால் நீங்கள் குளியலறைக்குக் குளியலறை ஒரு பச்சைக் கார்டு எழுதித் தொங்கவிட்டீர்கள். அதன் வாசகம் எனக்கு இப்போது மனப்பாடம். "அன்பான விருந்தினரே! இந்தத் துண்டைத் துவைக்கும் தண்ணீர் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் குடிக்கப் போதும். மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் கொக்கியில் மாட்டுங்கள். மாற்ற வேண்டுமென்றால் தரையில் போடுங்கள். பூமி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது." மாப்பிள்ளை, அந்தக் கடைசி வரியை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? குளியலறையில் யார் பார்த்தாலும் மனிதன் கூசத்தானே செய்வான்? ஆனாலும் முதலில் நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் ஓட்டலில் எழுதிப் போட்டிருப்பதை எவன் படிக்கிறான்? அவசர வழி எது என்று காட்டும் படம் ஏழு வருஷமாக ஒவ்வொரு கதவிலும் தொங்குகிறது. அதன் முன்னால் நின்றுகொண்டே வழி எது என்று கேட்கிற ஜனங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளிநாட்டு விருந்தினர்கள் எழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஐந்து மொழியில் அச்சடித்ததை ஐந்து மொழிக்காரர்களும் நின்று நிதானமாகப் படித்து, துண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டார்கள். ஒரு தம்பதி வந்த நாளிலிருந்து கிளம்பும் நாள்வரை ஒன்பது நாள் ஒரே துண்டில் இரண்டு பேரும் துடைத்துக்கொண்டார்களாம், அதைப் பெருமையாக வரவேற்பில் சொல்லிவிட்டும் போனார்களாம்.

மலை மலையாக மூட்டை கொண்டுவரும் நம் வேன் ஓட்டுநர், ஒரு நாள் காலையில் முன் சீட்டில் ஒரே ஒரு மூட்டையை உட்கார வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். மீதி எங்கே என்று கேட்டேன். "இதுதாங்க மீதி" என்றார்.

சும்மா இருக்க முடியுமா? விருந்தினர்கள் துண்டைத் தரையில் போடாவிட்டால், போடுகிற விருந்தினர்களை நாமே அனுப்புவது என்று முடிவு செய்தேன். உங்களுக்குத் தெரியாமல் என் மனைவியை இரண்டு நாள் அங்கே தங்க வைத்தேன். அவளுக்குச் சொன்ன வேலை இவ்வளவுதான்: இருக்கிற துண்டுகளையெல்லாம் நனைத்துத் தரையில் போட வேண்டும், புதிது வந்தால் அதையும் நனைத்துப் போட வேண்டும். மூன்றாம் நாள் அவள் கையில் ஒரு சான்றிதழோடு வந்து சேர்ந்தாள். அறையில் இருந்த நாலு துண்டையும் அவளே சோப்புப் போட்டுத் துவைத்து, முறுக்கிப் பிழிந்து, பால்கனியில் காயப்போட்டிருக்கிறாள். கை ஓயாமல் ஜன்னல் திரையையும் கழற்றித் துவைத்திருக்கிறாள். அதைப் பார்த்த மேனேஜர் நெகிழ்ந்துபோய், 'இம்மாதத்தின் பசுமை விருந்தினர்' என்று எழுதிக் கொடுத்து போட்டோவும் எடுத்திருக்கிறார். "தரையில போடுன்னுதானே உன்னை அனுப்பினேன்?" என்றேன். "போட்டா யாருங்க எடுக்கிறது? பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு முடியல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் ஈரத்துண்டைப் பற்றி அவள் சொல்லிவருவதை நான் அப்போதாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சான்றிதழ் எங்கள் பீரோவுக்குள் இருக்கிறது.

அடுத்ததாக நானே இறங்கினேன். இதை நீங்கள் மன்னிக்க வேண்டும். சலவைக்காரன் என்பதால் பின்வாசல் எனக்குத் திறந்திருக்கும். விருந்தினர்கள் படகு பார்க்கப் போகும் நேரமாகப் பார்த்து, அறை துடைக்கிற பெண்மணியின் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து, திறந்திருந்த அறைகளில் நுழைந்து கொக்கியில் இருந்ததையெல்லாம் தரைக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். நாலாவது அறையில் படகு பார்க்கப் போகாத ஒருவர் முகம் நிறைய சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தார். வேட்டையாட வந்தவன் போல நானும், அகப்பட்டவர் போல அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் கை கொக்கியில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாட்டு வார்த்தை 'சாரி' என்பதால் அதைச் சொன்னேன். அவர் அதைவிடப் பணிவாக 'சாரி' என்று சொல்லி, இடுப்பில் கட்டியிருந்ததைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் புகார் வரும் என்று இரண்டு நாள் பயந்து கிடந்தேன். வந்தது புகார் இல்லை, மன்னிப்புக் கடிதம். தன் துண்டு அழுக்காக இருப்பதைப் பொறுக்காமல் ஒரு பெரியவர் நேரில் வந்து கேட்கும்படி ஆகிவிட்டதே என்று வருந்தி, மீதி நாட்களுக்குத் துண்டே வேண்டாம், வெயிலில் நின்று காய்ந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாராம். அதை நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க மச்சான்" என்றும் சொன்னீர்கள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதிப் பயனில்லை. உலகம் முழுவதிலுமிருந்து முந்நூறு பேர் உங்கள் ஓட்டலில் மாநாடு கூட்டுகிறார்கள், மூன்று நாள் தங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆட்கள் ஆறு பேரையும் விடிந்ததும் வரச் சொல்லி, சோப்புத்தூள், நீலம் எல்லாம் இறக்கி வைத்தேன். மாநாட்டின் தலைப்பு என்ன என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. அது நிலைத்த சுற்றுலா மாநாடு. மூன்று நாளும் விரிப்பை மாற்றுவதில்லை என்று முந்நூறு பேரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்களாமே! அதோடு விட்டீர்களா? இரண்டாம் நாள் பத்துப் பன்னிரண்டு பேரை என் சலவைக்கூடத்துக்கே அழைத்து வந்தீர்கள். டிரம் நின்றுகொண்டிருந்தது. ஒரு அம்மாள் அதன் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். "எத்தனை நாளா ஓடலைன்னு கேக்குறாங்க மச்சான்" என்றீர்கள். பதினோரு நாள் என்றேன். நீங்கள் அதை அவர்கள் மொழியில் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். விருந்தாளிகள் தட்டுகிறார்களே என்று என் ஆட்கள் ஆறு பேரும் தட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நானும் தட்டினேன்.

அவர்கள் போன பிறகு மடிப்பு மேஜைக்காரம்மா என் பக்கத்தில் வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நாங்க வரணுமா, வேணாமா?" என்று கேட்டார். ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மற்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்க்காமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார்கள். "வாங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? வருகிறார்கள். வந்து, இஸ்திரி போட்டதையே பிரித்து மறுபடி இஸ்திரி போடுகிறார்கள். என் சட்டைகளைத் தினமும் கையாலேயே துவைத்துத் துவைத்து, நீலம் எது, பச்சை எது என்று எனக்கே இப்போது தெரிவதில்லை. வேலை இல்லாமல் சும்மா இருப்பவர்களைப் பார்க்கலாம் மாப்பிள்ளை. வேலை இருப்பது போல நடிப்பவர்களைத்தான் பார்க்க முடியவில்லை.

ஆகவே என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதிய அந்தக் கார்டுகளை இந்த வாரமே கழற்ற வேண்டும். முடியாது என்றால் கடைசி வரியையாவது அடிக்க வேண்டும். அதுவும் முடியாது என்றால் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு டிரம்மை விற்றுவிடப் போகிறேன். ஆட்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களே வந்து, அந்த ஆறு பேர் முன்னால் நின்று, உங்கள் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வீட்டு ஜன்னலையும் இன்று முதல் சாத்திவிட்டேன்.

மற்றபடி தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: கடிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது தங்கை சலவைக்கூடத்துக்கு வந்தாள். உங்களிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே பிரித்து, நின்றபடியே முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "அண்ணா, அந்தக் கார்டை எழுதினது அவர் இல்ல, நான். அவருக்கு எங்க எழுத வருது? சாப்பிட உக்காந்த நேரத்துல கேட்டார், கரண்டியைக் கீழ வெச்சுட்டு எழுதிக் கொடுத்தேன்" என்றாள். நான் கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவா அண்ணா? எல்லாரும் படிக்கிறாங்களா? அஞ்சு மொழிக்காரங்களுமா? அவர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று கேட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் ஒருவரும் ஒரு பக்கம் படித்ததில்லை, நான் உட்பட. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கார்டைக் கழற்று என்று சொல்ல எனக்கு வரவில்லை. எனவே கழற்ற வேண்டாம். மேலே 'நீங்கள்' என்று வரும் இடத்தையெல்லாம் 'உங்கள் மனைவி' என்று திருத்தி வாசிக்கவும். மரியாதைக் குறைவான இடங்களை மட்டும் உங்களுக்கே வைத்துக்கொள்ளவும். பழி அவள் மேல் விழாமல் நாலு மாதம் நீங்களே சுமந்துகொண்டதற்கு நன்றி. டிரம்மும் விற்பனைக்கு இல்லை. ஏனென்றால் அவள், "துண்டு ஓட்டலோடது, அதைக் காப்பாத்துறாங்க. சட்டை அவங்களோடதுதானே? அதைத் துவைக்கப் போடச் சொல்லி ஒண்ணு எழுதறேன்" என்று மடிப்பு மேஜையிலேயே உட்கார்ந்து, ஆறு பேரும் சுற்றி நிற்க, இன்னொரு கார்டு எழுதிவிட்டாள். இத்துடன் வைத்திருக்கிறேன், உடனே அச்சுக்குக் கொடுக்கவும். அதை முதலில் படித்தவர் நம் வேன் ஓட்டுநர். படித்து முடித்ததும் தன் சட்டையைக் கழற்றி மடிப்பு மேஜைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். டிரம் இப்போது அந்த ஒரு சட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். பனியனோடு வந்து நிற்பார், உங்கள் சட்டையில் ஒன்றைக் கொடுக்கவும். கசங்கியதாக இருந்தால் அவருக்குப் போடக் கொடுக்காமல், துவைக்க இங்கே அனுப்பிவிடவும்.