வைவா சார் வாய் திறக்காத மாதங்கள்

எடுத்துப்போன புத்தகம் திரும்பி வரவில்லையே என்று அழாத நூலகர் உலகத்தில் கிடையாது என்பார்கள். ஆரணியில் ஒருவர் இருந்தார். திருப்பிக் கொடுக்க வந்தவர்களைத்தான் அவர் அழ வைத்தார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் வைவா சார். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் உதவியாளராக வேலை பார்த்தவர். செய்முறைத் தேர்வு நாட்களில் வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து, மாணவர்களை ஒவ்வொருவராக எதிரில் உட்காரவைத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். அதற்குத்தான் வைவா என்று பெயர். இவர் மூலையில் நின்று சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையில் இருந்த காலம் முழுக்க யாரையும் ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் குழாய் கழுவிய தண்ணீரோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. தொண்ணூறுகளில் ஓய்வு பெற்றதும் கோட்டை மைதானத்துக்குப் பின்பக்கச் சந்தில், தன் வீட்டு முன்னறையில் ஒரு வாடகை நூலகம் திறந்தார்.

அங்கே புத்தகம் எடுப்பது சுலபம். பெயரைச் சொன்னால் போதும். திருப்பிக் கொடுக்கப் போனால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரிலிருக்கும் ஸ்டூலைக் கண்ணால் காட்டுவார். தச்சரிடம் சொல்லி, எவ்வளவு நெட்டையானவருக்கும் கால் தரையில் எட்டாதபடி உயரமாகச் செய்து வாங்கிய ஸ்டூல். கால் தொங்கிக்கொண்டிருந்தால் மனிதனுக்குப் பொய் வராது என்பது அவர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஒரே உண்மை.

"உக்காருங்க. இந்தக் கதையில வர்றவங்கள்ல யாரை நம்பி வூட்டுச் சாவியக் குடுத்துட்டு நீங்க ஊருக்குப் போவீங்க?"

எந்தக் கதையாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான். கொலைக் கதைக்கும் இதுதான். நாம் ஒரு பெயரைச் சொன்னால் விடமாட்டார். "ஏன், அந்த அண்ணன்காரன் இன்னா பாவம் பண்ணான்? அவனுக்கு ஏன் குடுக்கமாட்டீங்க?" என்று ஆரம்பிப்பார். சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் அவரிடம் கிடையாது. "நல்லா இருந்துச்சு" என்பது மட்டும் செல்லாது. அப்படிச் சொன்னால், "எது, சாம்பாரா?" என்று கேட்டு, புத்தகத்தை நம் மடியிலேயே வைத்துவிடுவார்.

பெரிய பட்டுக்கடை முதலாளி ஒருவர் இதில் அகப்பட்டுக்கொண்டார். சென்னையிலிருந்து புடவை எடுக்க வருபவர்கள் பார்க்கட்டும் என்று கல்லாவின் மேல் எப்போதும் ஒரு தடித்த புத்தகத்தை வைத்திருப்பவர் அவர். புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் வைவா சார் பழுப்புக் காகித அட்டை போட்டுவிடுவதால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. ஒருநாள் திருப்பிக் கொடுக்க வந்து ஸ்டூலில் ஏறினார்.

"யாருக்குக் குடுப்பீங்க சாவிய?"

முதலாளி பெருமூச்சு விட்டார். "அத வுடுங்க சார். கதாநாயகிக்கு அப்பிடி ஒரு முடிவு வந்திருக்கக் கூடாது. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல."

"கதாநாயகிக்கு ஆறு காலுங்க. இது தேனீ வளர்ப்புப் புத்தகம்."

கவிதை நூல்களுக்கு மட்டும் அங்கே வேறு சட்டம். கவிதைக்கு வைவா இல்லை. படித்துவிட்டு வந்து, ஸ்டூலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம். நான் களம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக இருந்தேன். பாட்டைச் சொல்லிக் கொடுத்து, பொருள் எழுது, நயம் எழுது என்று பிள்ளைகளை வேலை வாங்குவதுதான் என் பிழைப்பு. ஆகவே அவரிடம் காரணம் கேட்டேன்.

"கதைன்றது அடுத்தவன் வூட்டு விஷயம் தமிழ் சார். பேசலாம். கவிதையைப் படிச்சிட்டு ஒருத்தன் வந்தா, அவன் மூஞ்சியே சொல்லிடும். அத வேற நோண்டிக்கினு இருந்தா பேஜாருங்க."

இந்தச் சட்டத்தால் ஊரில் ஒரு விபரீதம் நடந்தது. கேள்வியிலிருந்து தப்பிக்க எல்லோரும் கவிதை எடுக்க ஆரம்பித்தார்கள். தறிச் சொந்தக்காரர், சாயப்பட்டறைக் கணக்கர், மருந்துக்கடைக்காரர் என்று சாயங்காலமானால் ஒருவர் பின் ஒருவராக வந்து, காலைத் தொங்கப்போட்டு, வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஏமாற்றத்தான் எடுத்தார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அதற்குப் பயந்து இரண்டு பக்கமாவது படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் வச்சிருந்து தரட்டுங்களா?" என்று கேட்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போனார். அவர் தன் பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய வாரம் அது.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது, முதல் பிரதியை வைவா சாரிடம்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆள் அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஸ்டூலைக் காட்டினார்.

"சார், இது நான் எழுதினது."

"தெரியும். அட்டையிலதான் கன்னத்துல கை வச்சிக்கினு இருக்கீங்களே. எழுதினவரு போவட்டும், இப்ப படிச்சவரா உக்காருங்க. யாருக்குக் குடுப்பீங்க சாவிய?"

என் கதாநாயகர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதல் கதையில் ஒருவன் ஜன்னலைப் பார்த்தபடி உலகத்தை வெறுக்கிறான். அடுத்தவன் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறான். அதற்கடுத்தவனும் போகிறான், மழையில். ஒருவனிடம்கூடச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலூர் வரைக்கும் போய்வர முடியாது.

"இலக்கியம்ன்றது சாவி குடுக்கற விஷயம் இல்ல சார்" என்றேன்.

"சரிங்க. அப்ப இன்னா விஷயம்?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு பல மாதங்கள், அந்தச் சந்து வழியாகப் போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அவர் மட்டும் என் புத்தகத்தை விடவில்லை. வந்தவர் கையிலெல்லாம் அதைத் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் களம்பூர் பஸ்ஸில் எஸ்தர் டீச்சர் என் பக்கத்து சீட்டுக்கு வந்தார். என் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு எடுப்பவர்.

"உங்க புக்குக்கு வைவா முடிச்சிட்டு வர்றேன் சார். சாவியக் குடுத்துட்டேன்."

"யாருக்குங்க?"

"கடைசிக் கதையில பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் மயங்கி வுழறான்ல. அவனுக்குத் தண்ணி குடுத்துட்டு, அவன் பையைப் பாத்துகினு ஒரு பொம்பள உக்காந்திருப்பா. அவளுக்கு."

அப்படி ஒருத்தி என் கதையில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கதாநாயகனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, அதற்காக இரண்டு வரியில் வந்துவிட்டுப் போனவள்.

"சார் இன்னா சொன்னாரு?"

"அவரும் அவளுக்குத்தான் குடுப்பாராம். அவ பேரு இன்னான்னு உங்களைப் பாத்தா கேக்கணும்னாரு."

நான் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை.

போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அந்தச் செய்தி வந்தது. வைவா சாருக்குத் தொண்டையில் ஏதோ முடிச்சு விழுந்து, குரல் கம்மிப்போய்விட்டது. வேலூர் டாக்டர், சில மாதங்களுக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி லோகம்மா வாசற்படியிலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

ஊர் இதைத் தீபாவளியாகக் கொண்டாடியது என்றே சொல்ல வேண்டும். வைவாவுக்குப் பயந்து வருஷக்கணக்காகப் பரணில் போட்டுவைத்திருந்த புத்தகங்களெல்லாம் தூசி தட்டப்பட்டு வந்து சேர்ந்தன. பட்டுக்கடை முதலாளி ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நிறைய அனுப்பிவைத்தார். சார் வாங்கி அடுக்கிக்கொண்டார். கேள்வி இல்லை.

கேள்வி இல்லைதான். ஆனால் யாரும் படி இறங்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். ஸ்டூலைப் பார்த்தார்கள். முதலில் மருந்துக்கடைக்காரர்தான் தானாக ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க கேக்கலைன்னாலும் சொல்லிடறேன் சார். அந்த அண்ணிக்காரிக்கு மட்டும் சாவி கிடையாது. ஏன்னா..."

அவ்வளவுதான். ஒவ்வொருவராக வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்கள். சார் புருவத்தைத் தூக்கினால் 'ஏன்' என்று தாங்களே எடுத்துக்கொண்டு, அதற்கும் பதில் சொன்னார்கள். கேள்விகளையெல்லாம் அடக்கி அடக்கி அவர் முகம் விசிலடிக்கப் போகும் குக்கர் மாதிரி சிவந்துபோகும். லோகம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"வாயத் தொறந்து கேட்டப்ப ஓடினீங்க. இப்ப கேக்காமயே வந்து கொட்றீங்களே. ஜல்தியா சொல்லிட்டுக் கெளம்புங்க, மனுஷனுக்குத் தொண்ட வலிக்குது."

அப்படி ஒரு சாயங்காலம் நானும் போனேன். பேச முடியாதவரிடம் போவது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். ஏறி உட்கார்ந்தேன்.

"அவ பேரு மரகதம் சார்" என்றேன்.

புருவம் ஏறியது.

அந்த நிமிஷம் வைத்த பெயர் அது. அதற்கு மேல் ஒரு வரிகூட யோசித்திருக்கவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே போனேன். மரகதம் செய்யாற்றில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்தது அந்த மாதம்தான். அன்றைக்கு மயங்கி விழுந்தவனுக்காக உட்கார்ந்துகொண்டிருந்ததில் கம்பெனி பஸ் அவள் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. அவனுக்கு மயக்கம் தெளிகிறது. எழுந்ததும் முதல் காரியமாகப் பையைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவளுக்கு எதிரிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான்.

"அவ ஒண்ணும் சொல்லல சார். புடவையத் தட்டிக்கினு எழுந்து நின்னா."

என்னிடம் இருந்தது அவ்வளவுதான். நிறுத்தினேன். வைவா சார் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்திருந்தார். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"அப்புறம்?"

துருப்பிடித்த கேட்டைத் திறந்தது போல ஒரு சத்தம். லோகம்மா வாசலிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"பேசிட்டீங்களா? டாக்டர் சொன்ன கெடு இன்னும் முடியலியே. இத்தினி நாளு பொறுத்துகினு இருந்துட்டு இப்பிடிப் பண்ணிட்டீங்களே."

சார் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை அங்கேயே இருக்க, கண் மட்டும் என்னிடம் திரும்பிவிட்டது.

குரலுக்குச் சேதம் ஒன்றுமில்லை என்று வேலூர் டாக்டர் பிறகு சொன்னார். அதன் பின்னும் பல வருஷங்கள் அவர் ஊரையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. ஒரு மனிதர் தன் குரலையே பணயம் வைத்து ஒரு சொல் கேட்டிருக்கிறார், என்னிடம் பதில் இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. இறங்கி நேரே வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். மரகதத்துக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்ல வேண்டுமே.