என் கைராசியும் ஸ்னேகாவின் செல்களும்

என் கைராசியால் சில கோடி உயிர்கள் போயிருக்கின்றன. செத்ததெல்லாம் செல்கள் என்பதால் போலீஸ் வரவில்லை.

தாராவியில் எங்கள் அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஜனவரியில் மும்பையும் கொஞ்சம் குளிரும், மாவு பொங்காமல் சண்டித்தனம் பண்ணும். "ஏட்டி எஸ்தரு, ஒரு கை கலக்கிட்டுப் போ. உன் கை பட்டாத்தான் பொங்குது" என்பாள். நானும் முழங்கை வரை விட்டுக் கலக்குவேன் (பெரிய கர்வத்துடன்).

அப்படி ஒரு ஜனவரியில்தான் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். செல்களுக்குச் சோறு போடுவது என் பொறுப்பு. அந்தச் சோற்றுக்கு மீடியம் என்று பெயர். தட்டில் ஒட்டி வளரும் செல்லுக்கு டி.எம்.இ.எம்., மிதந்தே காலம் தள்ளும் ரத்தச் செல்லுக்கு ஆர்.பி.எம்.ஐ. இரண்டிலும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கொஞ்சம் கலக்க வேண்டும். செல் சுரக்கும் புரதத்தை மட்டும் சுத்தமாகப் பிரிக்க வேண்டுமென்றால் சீரமே இல்லாத மீடியம். மாற்றிக் கொடுத்தால் கோபித்துக்கொள்ளும் (கல்யாண வீட்டில் கோபித்துக்கொள்ளும் எங்கள் மாமா தோற்றார்). இதையெல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்து, தம்பியைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் வேறு எடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மாவைக் கலக்கிவிட்டு, அவசரமாகக் கை கழுவிக்கொண்டு ஓடினேன். டி.எம்.இ.எம். பாட்டிலின் மூடி இறுகிக் கிடந்தது. கையுறை வழுக்கியது. எத்தனை ஊறுகாய் பாட்டிலைத் திறந்த கை இது என்று கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் ஒரு திருகு திருகினேன். திறந்துகொண்டது. அதிலிருந்தே என் தட்டுகளுக்கும் ஸ்னேகாவின் தட்டுகளுக்கும் ஊற்றினேன். ஸ்னேகா என் சீனியர், பிஎச்.டி.யில் கடைசி வருஷம். அந்தத் தட்டுகளில் இருந்தது அவளுடைய ஐந்து மாத உழைப்பு.

புதன்கிழமை பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது. செல்கள் நன்றாகச் சாப்பிட்டால் மஞ்சளாகும் என்று படித்திருந்தேன்.

"ஸ்னேகா, உன் செல்லுக்கெல்லாம் நல்ல பசி" என்றேன் இந்தியில், சிரித்துக்கொண்டே.

அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். நிமிரவே இல்லை. கடைசியில், "எஸ்தர், யே செல் நஹி ஹை. ஈஸ்ட் ஹை" என்றாள். செல்லே இல்லையாம், ஈஸ்டாம்.

நானும் பார்த்தேன். குட்டிக் குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் இன்னொரு குட்டி. மீடியத்தில் ஆன்டிபயாடிக் இருந்ததுதான். ஆனால் அது பாக்டீரியாவைத்தான் விரட்டும், ஈஸ்டைக் கண்டுகொள்ளாது. அப்போதுதான் என் நகக்கண்ணைக் கவனித்தேன். மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மாவைப் பொங்க வைப்பதில் ஈஸ்டுக்கும் பங்கு உண்டு.

ஆராய்ச்சிக்கூடத் தலைவரான எங்கள் சார், ஏ.சி. காற்றில் வந்திருக்கும் என்று சந்தேகப்பட்டார். நானும் ஏ.சி.யைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். வேலை முக்கியமாயிற்றே. ஆனால் ஸ்னேகா கதவுக்கு வெளியே போய் அழுதுகொண்டிருந்தாள். அந்த விசும்பலைக் கேட்டுக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"சார், நான்தான். வெறுங்கையால திறந்தேன். வீட்ல இட்லி மாவு..."

சார் என்னை அன்றே அனுப்பிவிடத்தான் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த ஸ்னேகா, "இவள் எங்கேயும் போகக் கூடாது சார். அஞ்சு மாசத்தை ஒரு கையால அழிச்சா. ரெண்டு கையாலயும் திரும்பச் செஞ்சு தரட்டும்" என்றாள்.

உறைய வைத்திருந்த பழைய செல்களை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குக்கூடப் போகாமல் அவளோடு உட்கார்ந்தேன் (ஆண்டவர் மன்னித்தார், அம்மா மன்னிக்கவில்லை). அவளுக்குப் பட்டம் கிடைத்தது, எனக்கு வேலை நிலைத்தது. இப்போது அவள் புனேயில் இருக்கிறாள். ஜனவரி வந்தால் போன் வரும்: "எஸ்தர், இங்கே மாவு பொங்கவில்லை. உன் கையைக் கூரியரில் அனுப்பு."

வீட்டில் நான் எதைத் தொடப் போனாலும் தம்பி, "அக்கா, கையுறை" என்கிறான். அம்மாவுக்கு மட்டும் இதில் துளி வெட்கமில்லை. மாவு வாங்க வருகிறவர்களிடம் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறாள்.

"பொங்குமான்னு கேக்கியளா? இது எம் மவ கலக்குன மாவு. லேப்ல இருந்த மருந்தையே பொங்க வச்சவ அவ."