இரட்டைப் பின்னலும் என் மானமும்

எனக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. என் மகளின் வகுப்பு டீச்சர்.

மகளைப் பள்ளியில் விடுவது நான். தலை பின்னுவதும் நான். மனைவிக்கு விடிந்ததும் ஆபீஸ் வண்டி வந்துவிடும். ஆனால் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று தோளுக்குக் கீழேயும் ஆடுவதைப் பார்த்ததும் டீச்சர் கேட்பார்: "அச்சச்சோ! பாப்பா, அம்மா ஊர்ல இல்லையா?"

சுற்றி நிற்கும் அம்மாக்கள் உச் கொட்டுவார்கள். பக்கத்தில் எருமை மாதிரி நிற்கிற நான் யாராம்? இவளுக்கு அப்பா என்று ஒருத்தன் இருக்கிறான் என்று ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

சபதம் போட்டேன். துப்பட்டாவை மூன்றாகக் கிழித்து, ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பழகினேன்.

"ஐயையோ, அது என் புது துப்பட்டா!"

"பெத்த பொண்ணுக்காக இதுகூட செய்ய மாட்டியா?"

"உங்க சட்டையக் கிழிக்கிறதுதானே?"

ஒருவழியாக இரண்டு பின்னலும் அளவெடுத்த மாதிரி அமைந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். டீச்சர் முகம் மலர்ந்தது.

"அடடே! அம்மா வந்துட்டாங்களா?"

"நான்தான் மேடம் பின்னினேன்!"

"போங்க சார், தமாஷ் பண்ணாதீங்க."

சாயங்காலம் மனைவியிடம் சொல்லும்போது அழாத குறைதான். அவளுக்கே மனசு தாங்கவில்லை.

"நாளைக்கு லீவு போடுறேன். நீங்கதான் தினமும் பின்னுறீங்கன்னு நானே வந்து சொல்றேன். போதுமா?"

தெய்வம்யா என் மனைவி!

மறுநாள், மரியாதை வாங்கப் போகிறோமே என்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் மட்டும் படியவே மாட்டேன் என்றது. நேரமாகிவிட்டது என்று மகளுக்கு மனைவியே அவசர அவசரமாகப் பின்னிவிட்டாள். பள்ளி வாசலில்தான் கவனித்தேன். ஒரு பின்னல் வடக்கே பார்த்தது, இன்னொன்று தெற்கே.

டீச்சரும் பார்த்தார். அத்தனை அம்மாக்களும் பார்த்தார்கள்.

"என்னங்க, அம்மா கூட இருந்துமா இப்படி?"

மனைவி கண் இமைக்கவில்லை. "இவர்தான் மேடம் தினமும் பின்னிவிடுறாரு."

சொன்னபடியே சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை பொய் இல்லை.

"அப்படியா! எவ்வளவு நல்ல அப்பா!" டீச்சர் உருகிவிட்டார். அம்மாக்கள் கைதட்டினார்கள்.

"அடிப்பாவி!" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் பின்னினதுன்னா, இவளும் ஒரு அம்மாவான்னு கேப்பாங்க. உங்களதுன்னா கைதட்டுறாங்க. பேசாம வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். அப்பாவாக எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல், நான் பின்னாத பின்னலுக்கு.