புல்வெளிச் சிங்கமும் ரேடியோப் பெட்டியும்

இந்த வருடம் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டைக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் சமர்த்தன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறேன். எடுத்த ஒவ்வொன்றையும் என் மனைவி மேக்சின் அன்போடு வாங்கி, மடித்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள்.

எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை ஆண்பிள்ளைகளுக்குப் பண்டிகை. என் நண்பன் ஆர்வில் முடிவெட்டும் கடையைப் பூட்டிவிட்டு, நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். என் மாமியார் ஹில்டாவின் பிறந்தநாள் விருந்தும் அதே சனிக்கிழமைதான். வருடம் தவறாமல். தற்செயல் என்கிறாள் மேக்சின். எனக்குச் சந்தேகம் உண்டு.

விருந்தில் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி கட்டாயம் இருக்கும். அது தட்டில் நடுங்கும். அதைப் பார்த்து நானும் நடுங்குவேன். பிறகு விளக்கை அணைத்து, மாமியார் பார்த்துவிட்டு வந்த அணைக்கட்டுகளை ஸ்லைடு படமாகக் காட்டுவார். ஓர் அணைக்கு முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். வெளியே வயலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். நான் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோ வந்து எங்கள் ஊரைப் பிடித்தது. எழுபத்தாறாம் வருடம். அதுவரை லாரிக்காரர்கள் மட்டும் வைத்திருந்த பெட்டியைப் பல் டாக்டர் காரில் மாட்டினார், பாதிரியார் மாட்டினார். கம்பளக் கடை வைத்திருக்கும் நான் மட்டும் மாட்டாமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

"மேக்சின், காருக்கு ஒரு ரேடியோ வாங்கலாம்னு இருக்கேன்."

"மூணடி தூரத்துல நின்னு நான் கூப்பிட்டாலே உனக்குக் காது கேக்காது. பத்து மைலுக்கு அப்பால லாரிக்காரன் பேசறத கேக்கப் போறியா?"

"பனிப்புயல்ல நடுரோட்ல மாட்டிக்கிட்டா உதவிக்குக் கூப்பிடலாமில்ல? எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்."

"ஓஹோ, என் பாதுகாப்புக்கா? அப்ப சரி, வாங்கு."

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கார்க் கூரையின் நட்டநடுவில் ஆன்டெனா நின்றால் நாலு திசையும் ஒரே சீராகக் கேட்கும் என்றான் ஆர்வில். துளை போட்டேன். ஆன்டெனா கம்பீரமாக நின்றது. முதல் மழையில் துளை வழியாகத் தண்ணீரும் சீராகத்தான் சொட்டியது, சரியாக மேக்சின் மடியில்.

"இதுவும் என் பாதுகாப்புக்குத்தானா?" என்றாள்.

அடுத்தது பட்டப்பெயர். ரேடியோவில் யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை. ஆர்வில் 'வெள்ளிக் கத்திரி'. நான் நன்றாக யோசித்து 'புல்வெளிச் சிங்கம்' என்று வைத்துக்கொண்டேன். மேக்சின் கேட்டுவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சிங்கம், குப்பையக் கொண்டுபோய் வெளிய வை," என்றாள்.

வைத்தேன். சிங்கமும் தன் குகையைச் சுத்தமாகத்தானே வைத்திருக்கும்?

ஒரு வாரம் ஓட்டிப் பழகியதும் என் மண்டையில் பொறி தட்டியது. இந்தப் பெட்டி பனிப்புயலுக்கு மட்டுமல்ல, மாமியாருக்கும் உதவும்! செவ்வாய்க்கிழமை ஆர்விலின் கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே இரண்டு பேரும் டோனட் தின்றுகொண்டு சதி செய்தோம். கை இரண்டும் எண்ணெயாக இருந்ததால், பேசும் மைக்கைக் கொக்கியில் மாட்டாமல் சீட்டிலேயே போட்டிருந்தேன். என் தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் மாட்டினேன்.

"சனிக்கிழமை காலையில நாங்க கிளம்பி, தானியக் கிடங்கு கோபுரத்தத் தாண்டறப்ப நீ ரேடியோவுல கூப்பிடு," என்றேன். "கடையில குழாய் வெடிச்சிருச்சு, தண்ணி வெள்ளமா ஓடுது, கம்பளமெல்லாம் மிதக்குதுன்னு கத்து."

"அப்புறம்?"

"நான் பதறுவேன். வண்டியத் திருப்புவேன். கடை வாசல்ல இறங்கிக்கிட்டு, 'நீ மட்டுமாவது அம்மாவப் போய்ப் பாரும்மா'ன்னு மேக்சின அனுப்பிருவேன். அவ தலை மறைஞ்சதும் உன் வண்டியில ஏறிடுவேன்."

"பாவம்டா உன் மாமியார்."

"யாரு பாவம்? அந்த ஜெல்லிய நீ தின்னு பாத்திருக்கியா? அந்த அணைக்கட்டுப் படத்தை இன்னொரு தடவ பாக்கறதவிட, நானே ஃபெசன்ட் கோழியாப் பிறந்து குண்டடிபட்டுச் சாகலாம்!"

சிரித்துச் சிரித்து ஆர்விலுக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கு ரேடியோவும் அதிசயமாக அமைதியாக இருந்தது. குறுக்கே ஒரு லாரிக்காரன் வாய் திறக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் பெட்டியை அணைத்தேன். பிறகுதான் சீட்டிலிருந்து எழுந்தேன்.

சனிக்கிழமை வந்தது. மேக்சின் கனமான ஒரு பரிசுப் பெட்டியைப் பின்சீட்டில் என்னை ஏற்றச் சொன்னாள். "மெதுவா, மெதுவா. அம்மாவுக்கு" என்றாள். என்ன பெட்டி என்று கேட்கவில்லை. நான்தான் போகப் போவதில்லையே!

தானியக் கிடங்கு கோபுரம் தாண்டியது. ரேடியோ கரகரத்தது.

"புல்வெளிச் சிங்கம்! புல்வெளிச் சிங்கம்! வெள்ளிக் கத்திரி பேசறேன். டேய், உன் கடையில குழாய் வெடிச்சிருச்சுடா! கம்பளமெல்லாம் மிதக்குது!"

நான் மார்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் கண்ணாடி முன்னால் பழகிய பிடி. "ஐயோ மேக்சின்! நம்ம கடை! நம்ம சோறு!"

"ஐயையோ!" என்றாள் மேக்சின். அவள் பதற்றம் என் பதற்றத்தைவிட நன்றாக இருந்தது. "திருப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சுடலாம். அந்த மைக்க இப்படிக் குடு."

"உனக்கு இதெல்லாம் பேசத் தெரியாதும்மா. இதுக்குன்னு ஒரு முறை..."

அவள் மைக்கை வாய்க்குக் குறுக்காகப் பிடித்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, லாரிக்காரர்கள் பேச்சுக்குள் நுழையும் முறையிலேயே தொடங்கினாள். "பிரேக்கர் பத்தொன்பது. ரிங் மாஸ்டர் பேசறேன். நாலாவது தெரு, எங்க கம்பளக் கடைப் பக்கம் யாராவது இருக்கீங்களா?"

ரிங் மாஸ்டரா?

பெட்டி குதூகலித்தது. "வணக்கம் ரிங் மாஸ்டர்!" "ரிங் மாஸ்டர், சொல்லுங்க மேடம்!" ஒரே நேரத்தில் பத்துப் பேர். நான் இத்தனை நாளாகக் கத்தியும் எனக்கு ஒரே ஒருவன்தான் பதில் சொல்லியிருந்தான். அதுவும் ராங் சேனல் என்று சொல்வதற்காக.

"சோள மூட்டை பேசறேன்," என்றது ஒரு கட்டைக் குரல். எதிர்வீட்டு ஐரீனின் புருஷன் எல்ராய். லாரி ஓட்டுபவன். "உங்க கம்பளக் கடை வாசல்லதான் வண்டிய நிறுத்தியிருக்கேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"எதிர்ல யாராவது இருக்காங்களா பாருங்க."

"பழைய பச்சை வண்டி ஒண்ணு நிக்குது. பின்னாடி நாய். முன்னாடி வேட்டைச் சட்டை போட்ட ஒரு ஆளு. ஒரு கையில டோனட், ஒரு கையில மைக்கு. நான் கையாட்டினேன், அவரும் ஆட்டறாரு."

"அது நான் இல்ல!" என்றான் ஆர்வில், ரேடியோவில்.

மாவட்டமே சிரித்தது. நான் சாலையை மட்டும் பார்த்தேன்.

"மேக்சின்... உனக்கு எப்படி..."

"மைக்கு மேல உக்காந்துக்கிட்டு யாராவது சதி பண்ணுவாங்களா, வென்டல்? செவ்வாய்க்கிழமை ஐரீன் வீட்டுச் சமையலறையில காபி குடிச்சுக்கிட்டிருந்தேன். எல்ராய் கூட பேச அவ ஒரு பெட்டி வச்சிருக்கா. திடீர்னு உன் குரல். பாதிரியார்கூட காரை ஓரங்கட்டிக் கேட்டாராம்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே!"

"எப்படிச் சொல்றது? பொத்தான அமுக்கிக்கிட்டே இருந்தா நீ பேசறதுதான் வெளிய போகும், மத்தவங்க பேசறது உள்ள வராது. சிகப்பு விளக்கு எரிஞ்சிருக்கும். நீ தொப்பிய மாட்டி மறைச்சிருப்ப. உனக்குன்னே செஞ்ச பெட்டி."

"ரிங் மாஸ்டர்னு..."

"ஐரீன் பெட்டியில பேசறப்ப லாரிக்காரங்க வச்ச பேரு. சர்க்கஸ்காரி மாதிரி சிங்கத்த வச்சு மேய்க்கிறேன்னு."

நான் வேகத்தைக் குறைத்தேன். "உங்க அம்மாவுக்கு... அந்த ஜெல்லி விஷயம்..."

"தெரியாது. அம்மாகிட்டதான் ரேடியோ இல்லையே." அவள் மைக்கைக் கொக்கியில் மாட்டினாள். "நீ ஒழுங்கா இருந்தா நானும் வாயத் திறக்க மாட்டேன்."

ஒழுங்காக இருந்தேன். ஜெல்லியை இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றேன். கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து மாமியார் மகிழ்ந்தார். அணைக்கட்டுகளின் பின்பக்கத்தைத் திரும்பக் காட்டச் சொன்னேன். பாதி படம் ஓடும்போதே மேக்சின் எழுந்து பரிசுப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே, வீட்டில் வைத்துப் பேசும் பெரிய சி.பி. ரேடியோ. ஆன்டெனாவோடு.

"தனியா இருக்கீங்கம்மா. உங்க பாதுகாப்புக்குத்தான்," என்றாள். "வென்டல் கூரையில ஏறி ஆன்டெனாவ மாட்டிடுவான். துளை போடறதுல கெட்டிக்காரன்."

ஏணி வைத்து ஏறினேன். கூரையிலிருந்து நாலு பக்க வயலும் அழகாகத் தெரிந்தது. அறுவடை முடிந்த சோளத் தாளுக்குள்ளிருந்து கோழிகள் ஜிவ்வென்று கிளம்பின. ஆர்விலைப் போலவே ஒருவன், அவன் நாயைப் போலவே ஒரு நாய். துப்பாக்கிகள் வெடித்தன. நான் நட்டை முறுக்கினேன்.

கீழே ஜன்னல் திறந்திருந்தது. மாமியார் பொத்தானை அழுத்தி, நடுங்கும் குரலில் பேசினார். "ஹலோ... நான் ஹில்டா. மேக்சினோட அம்மா பேசறேன். யாராவது இருக்கீங்களா?"

"அம்மா, வாங்க வாங்க!" என்று பாய்ந்து வந்தது ஒரு லாரிக்காரக் குரல். நெடுஞ்சாலை வீட்டை ஒட்டித்தான் போகிறது. "அந்தப் பச்சை ஜெல்லிக்காரம்மா நீங்கதானா? மாப்பிள்ளை அன்னிக்கு ரேடியோவுல என்னமாப் பேசினாரு தெரியுமா? ஒரு வார்த்தை விடாம சொல்றேன், கேளுங்க."

சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை.

பிறகு கதவு திறந்தது. மாமியார் முற்றத்துக்கு வந்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் அங்கிருந்தபடியே தொப்பியைக் கழற்றினேன்.

அவர் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.