துரையின் வேதக்கோயிலும் எங்கள் கிடாரமும்

பாதி விளங்கிய விடயத்துக்கு முழுத் தலையை ஆட்டுவது என் பிறவிக் குணம். எழுபது வயதைத் தாண்டியும் அது போகவில்லை (டொக்டர் மருந்து விளக்கும்போதும் இதைத்தான் செய்கிறேன்). ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள் அந்தக் குணம் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்போது நான் எஸ்.எஸ்.சி.யில் ஆங்கிலம் பாஸ் பண்ணிய இளந்தாரி. எப்படிப் பாஸ் பண்ணினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அதை நம்பித்தான் இஸ்மாலெவ்வை மரைக்கார் தன் மகள் சுலைஹாவுக்கு என்னைப் பேசியிருந்தார். இறக்காமத்தில் பத்து ஏக்கர் வயலோடு இன்னொரு மாப்பிள்ளை காத்திருந்தான். "வயல ஆனை திண்டுரும், இங்கிலீச ஆரு திண்ணுற?" என்று மரைக்கார் என் பக்கம் சாய்ந்தார். சுலைஹாவை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, வேலிக்கு மேலால். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் பள்ளிவாசல் காரியமெல்லாம் குடி வழியாகத்தான் நடக்கும். குடி என்பது தாய்வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார். பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்பதில் வருசா வருசம் முறுகல் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்மாலெவ்வை மரைக்காரின் மூத்தப்பா, அதாவது பாட்டனார், மரைக்காராக இருந்த காலத்தில், கந்தூரிச் சோறு ஆக்கும் பெரிய செம்புக் கிடாரம் காணாமல் போயிருந்தது. அவர்தான் எடுத்தார் என்ற கதையை ஊர் மறக்கவில்லை. மரைக்கார் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் கதைப்பதில்லை.

அந்த நேரம் குளக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் பள்ளிக்கூடத்தில் பேச ஒப்புக்கொண்டார். அவருடைய தகப்பன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வேதக்கோயிலில் போதகராம். அந்தக் கோயிலின் வரலாறுதான் பேச்சு. மொழிபெயர்க்க வேண்டிய தலைமையாசிரியருக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. அவர் பாண்டிருப்புக்காரர், உண்மையாகவே ஆங்கிலம் தெரிந்த மனிதர். "நான் செய்றன் சேர்" என்று முந்திக்கொண்டு எழுந்தேன். முன்வாங்கில் மரைக்கார் உட்கார்ந்திருந்தாரே!

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபம் நிறைந்துவிட்டது. துரை கரும்பலகையில் ஒரு பெரிய படத்தைக் கொழுவினார். கற்கோபுரம், பக்கத்தில் கல்லறைகள், ஒரு குளம். தொடக்கம் சுகமாகத்தான் போனது. எண்ணூறு வருசப் பழசு என்றார், சொன்னேன். புயலில் கோபுரம் விழுந்தது என்று கையைச் சரித்துக் காட்டினார், நானும் சரித்தேன். சண்டைக்கு வந்த சிப்பாய்கள் உள்ளே குதிரை கட்டினார்கள் என்றபோது சபை 'ச்சூ' கொட்டியது. மரைக்கார் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "அதக் கட்டின எந்தக் குடி, தம்பி?"

துரையிடம் கேட்டிருக்கலாம். அவர் பதில் சொன்னால் எனக்கு விளங்க வேண்டுமே. "வடக்கால கோபுரக் குடி, தெற்கால மணிக் குடி" என்று அவிழ்த்துவிட்டேன்.

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. "முதல் மரியாத ஆருக்கு?"

"அதிலதான் அவங்களுக்கும் பிரச்சின."

இங்கிலாந்தை அன்றைக்குத்தான் கல்முனைக்காரர் தங்கள் ஊராக ஏற்றுக்கொண்டார்கள். துரைக்கு ஒரே புளுகம். உற்சாகத்தில் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். என் காதில் விழுந்தது நாலே விடயம்: ராசா, மணி, வார்டன், குளம். வார்டன் என்றால் மரைக்கார் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். மிச்சத்தை நானே நிரப்பினேன்.

"ராசாட ஆக்கள் மணியப் பறிக்க வந்த நேரம் மணிக் குடி மரைக்கார் அத ஒளிச்சிட்டாரு. ஒருத்தருக்கும் உண்மையச் செல்லாம மவுத்தாகிட்டாரு. குளத்தில போட்டன் எண்டு கத உட்டாரு. ஆனா ஊட்டுக்குத்தான் கொண்டு போனதாம்."

அத்தனை தலையும் முன்வாங்குப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்குக் கிடாரம் ஞாபகம் வந்தது.

மரைக்கார் மெதுவாக எழுந்தார். "மகன், இது துரை சென்னதா, நீங்க சென்னதா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு என்று இன்றுவரை தெரியாது.

தலைமையாசிரியர் பொறுக்க முடியாமல் எழுந்து, தகரத்தைத் தேய்த்த குரலில் சொன்னார். "துரை அப்பிடிச் சொல்லல்ல, மரைக்கார். மணிய ஒளிச்ச அந்த மனிசன் நல்லவர். குளத்திலதான் போட்டவர். பல காலத்துக்குப் பிறகு குளம் வத்தினபோது மணி கிடைச்சதாம்."

மரைக்கார் கொஞ்ச நேரம் படத்திலிருந்த குளத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கட மூத்தப்பாட பழைய வளவுக் கெணத்த ஒருத்தரும் எறைச்சுப் பாக்கல்ல. நீங்க எறைங்க. கிடாரம் கிடைச்சா சுலைஹா. கிடைக்காட்டி இறக்காமம்."

மூன்று நாள் இறைத்தேன். இரண்டு கூலியாட்களும் நானும் இடுப்பளவு சேற்றில். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. (துரையும் ஒருநாள் வந்தார். தன் பேச்சு இவ்வளவு வேலை செய்யும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.) ஓட்டை வாளிகள், ஒரு செருப்பு, கடைசியில் பாசி படிந்த வட்டமான செம்புத் தகடு ஒன்று. கிடாரத்தின் மூடி. மூடி மட்டும்.

"கிடாரம் அடியில பொதஞ்சிரிக்கி எண்டு செல்லுங்க" என்று கூலியாள் என் காதில் ஓதினான். நல்ல யோசனைதான். மூடியைத் தூக்கிக்கொண்டு மரைக்காரின் முன்னால் போய் நின்றேன்.

"கிடாரம் உள்ளுக்க இரிக்கா, இல்லியா?"

வாய் வரை வந்த பொய்யைச் சேற்றோடு விழுங்கினேன். "எனக்குத் தெரியா மாமா."

என் வாயிலிருந்து 'தெரியா' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மரைக்கார் மூடியை வாங்கி உடுத்திருந்த சாரனால் துடைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "மூத்தப்பா களவெடுக்கல்ல, ஒளிச்சுத்தான் வெச்சிரிக்காரு" என்றார். பிறகு, "இப்பதான் நீங்க ஒழுங்கா மொழிபெயர்த்திரிக்கீங்க" என்றார்.

மூடியை எறிந்தவர்தான் கிடாரத்தை எடுத்தவர் என்று மற்றக் குடிக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது அவர்கள் பாடு. எங்கள் வழக்கப்படி நான் சுலைஹாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். அறைச் சுவரில் அந்த மூடி தொங்கியது. அதன் கீழேதான் இத்தனை வருசமும் படுக்கிறேன்.

போன கிழமை டொக்டரிடம் போய் வந்து, "தேத்தண்ணிக்குக் கொஞ்சம் சீனி போடலாமாம்" என்றேன். சுலைஹா மூடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இது டொக்டர் சென்னதா, நீங்க சென்னதா?"

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தேன்.